மூத்தம்மாவின் மருந்துப் போத்தலும் ஏழாம் அலகும்

எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போய்விட்டால் அவளுடைய பெயர் மெல்ல மெல்ல மறைந்துவிடும். அவள் 'பயோ படிக்கிற பிள்ளை' ஆகிவிடுவாள். கலியாண வீட்டில் ஒரு சின்னப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். பக்கத்து வீட்டு மாமி கிளினிக் கொப்பியை நீட்டி, "இதுல டொக்டர் என்ன எழுதிரிக்காரு எண்டு பாருங்க மகள்" என்பார். அவள் இன்னும் இரண்டாம் அலகில் கலத்தின் படம் கீறிக்கொண்டிருக்கிறாள், டொக்டரின் கையெழுத்தை வாசிக்க அந்த அலகில் சொல்லித் தரவில்லை என்பது யாருக்கும் ஒரு பொருட்டில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உயிரியல் என்பது வைத்தியத்துக்குப் போகும் வழி. உள்ளே இருப்பவர்களுக்கு அது பத்து அலகுகள். முதலாம் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் வினாத்தாளில் மூன்று மணித்தியாலத்தில் நான்கு அமைப்புக் கட்டுரையும், ஆறு கட்டுரை வினாக்களில் நாலும். இதோடு இரசாயனவியலும் பௌதிகவியலும். வீட்டில் மேசைக்கு மேலே கடந்தகால வினாத்தாள்களின் கட்டு உயர உயர, உம்மா என்னைக் கூப்பிடும் குரல் தாழ்ந்துகொண்டே போகும். வீட்டு வேலை சொல்லவே பயப்படுகிறார். இது ஒன்றுதான் இந்தப் பாடத்தால் எனக்குக் கிடைத்த உடனடி இலாபம்.

நான் எழுத வந்தது பரீட்சையைப் பற்றியல்ல. நாங்கள் இந்தப் பாடத்தைத் தமிழில் படிக்கிறோம். அதைப் பற்றியும், அதனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விடயத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

உயர்தரத்துக்கு வந்த புதிதில் விளங்காத பாடங்களுக்கு நாங்கள் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் வீடியோக்களைப் பார்ப்போம். பார்க்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். அவர்களும் தமிழ்தான், நாங்களும் தமிழ்தான். ஆனால் அவர்கள் 'செல்' என்பது எங்களுக்குக் 'கலம்'. அவர்களுடைய 'மரபணு' எங்களுக்குப் 'பரம்பரையலகு'. 'குரோமோசோம்' இங்கே 'நிறமூர்த்தம்'. 'ஒளிச்சேர்க்கை' இங்கே 'ஒளித்தொகுப்பு'. 'நுண்ணோக்கி' இங்கே 'நுணுக்குக்காட்டி'. மைட்டோகொண்ட்ரியாவுக்கு எங்கள் புத்தகம் 'இழைமணி' என்று பெயர் வைத்திருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த சொல் அதுதான். இழையாகவும் மணியாகவும் தெரிவது என்று பெயரே சொல்லிவிடுகிறது. ஒரு கழுத்துச் சங்கிலியின் பெயர் போலவும் இருக்கிறது.

சைலத்துக்கு நாங்கள் சொல்லும் 'காழ்' என்ற சொல் இன்னும் பழையது. தொல்காப்பியத்தின் மரபியலில், வைரம் உள்ளே இருப்பதை மரம் என்றும் வெளியே இருப்பதைப் புல் என்றும் பிரிக்கும் இடத்தில் இதே 'காழ்' என்ற சொல்தான் வருகிறது. தென்னையும் பனையும் அந்தக் கணக்கில் புல். நான்காம் அலகில் தென்னை ஒருவித்திலைத் தாவரம், புல்லும் ஒருவித்திலைத் தாவரம் என்று படித்தபோது எங்கள் தமிழ் டீச்சர் இதைச் சொன்னார். அன்று வகுப்பிலிருந்த எல்லோரும் யன்னலுக்கு வெளியே நின்ற தென்னையை ஒரு மாதிரியாகப் பார்த்தோம்.

இந்த மண்ணில் மேற்கத்திய வைத்தியத்தைத் தமிழில் படிப்பிப்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற மிஷனரி வைத்தியர், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர் பிறகு தமிழுக்கு மாறினார். உடற்கூற்றுக்கும் சத்திரசிகிச்சைக்கும் தமிழில் புத்தகங்கள் செய்தார், கலைச்சொற்களைத் திரட்டினார். 'இரணவைத்தியம்' என்ற அவருடைய சத்திரசிகிச்சை நூல் 1867இல் வந்தது. 1873இல் தன் நாட்டுக்குத் திரும்பி 1884இல் அங்கேயே காலமானார். தன் கல்லறையில் 'தமிழருக்கான மருத்துவ ஊழியர்' என்ற பொருளில் எழுதச் சொன்னாராம். (இந்த இடத்தில் இப்னு ஸீனாவைப் பற்றி எழுதுவதுதான் எங்கள் சஞ்சிகையின் வழக்கம். போன இதழில் இரண்டு பேர் எழுதிவிட்டார்கள் என்பதால் நான் மானிப்பாய்ப் பக்கம் போய்விட்டேன்.)

இதில் ஒரு வேதனையும் உண்டு. இவ்வளவு பாடுபட்டுப் பழகிய சொற்களை மருத்துவ பீடத்தின் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். அங்கே எல்லாம் ஆங்கிலம். அதனால் வகுப்பில் சிலர் இப்போதே ஆங்கிலச் சொல்லைத்தான் பாடமாக்குகிறார்கள். "தமிழ்ச் சொல் மார்க்ஸுக்கு, இங்லிஷ் சொல் லைஃபுக்கு" என்று என் பக்கத்து மேசைக்காரி சொல்லுவாள். நானும் அது சரிதான் என்று இருந்தேன், எங்கள் மூத்தம்மா அந்தக் கேள்வியைக் கேட்கும் வரைக்கும்.

அதற்கு முதல் செய்முறை வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ரியோ என்றொரு செடி. பள்ளிக்கூட மதிலோரங்களில் வளர்ப்பார்கள். இலையின் மேற்புறம் பச்சை, கீழ்ப்புறம் ஊதா. அந்த ஊதாத் தோலை மெல்லியதாக உரித்து வெவ்வேறு செறிவுள்ள சுக்குரோசுக் கரைசல்களில் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். தண்ணீரில் இருந்த துண்டில் ஒவ்வொரு கலமும் ஊதா நிறத்தால் நிரம்பி, பாய் பின்னியது போலத் தெரியும். செறிந்த கரைசலில் இருந்த துண்டிலோ ஊதா நிறம் சுவரிலிருந்து கழன்று நடுவில் ஒடுங்கிப்போய் இருக்கும். கலத்துக்குள்ளே இருந்த தண்ணீர் வெளியே இருந்த சீனியை நோக்கிப் போய்விட்டது. இதற்குப் பெயர் முதலுருச்சுருக்கம். எத்தனை கலங்கள் சுருங்கின, எத்தனை சுருங்கவில்லை என்று எண்ணி வரைபு கீற வேண்டும். எண்ணி முடிக்கும்போது ஒரு கண் மற்றக் கண்ணோடு கோபித்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் இதை விளக்கினேன். உம்மா அன்று தேசிக்காய்க்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். "உப்புப் போட்டா தண்ணி விடும் எண்டுதானே சொல்றீங்க? இத எங்கட உம்மா எனக்கு எட்டு வயசில சொல்லித் தந்தா" என்றார். நான் பேசாமல் கொப்பியை மூடினேன். ஆனால் உப்புக்கும் சீனிக்கும் தண்ணீரை இழுக்கிற குணம் இருக்கிறது என்ற அந்த ஒரு விடயம் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து அது உதவியது.

மூத்தம்மாவுக்கு வயது 68. பதினான்கு வருடமாகச் சீனி வருத்தம். கடைசி நாலு வருடமாக இன்சுலின். காலையில் 18 அலகு, மாலையில் 12 அலகு. யாரையும் ஊசி போட விடமாட்டார், தானே போட்டுக்கொள்வார். பால்போலக் கலங்கிய அந்த மருந்துப் போத்தலை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவதைப் பார்த்தால், கொழுக்கட்டைக்கு மா உருட்டுகிறார் என்று நினைப்பீர்கள். குலுக்கக்கூடாது, உருட்டத்தான் வேண்டும் என்று கிளினிக்கில் நேர்ஸ் சொன்னதை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

போன வருடம் நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மூத்தம்மா நிறையத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் கூசாவில் காலையில் ஒரு சொட்டும் மிஞ்சாது. இரவில் நாலு தடவை, ஐந்து தடவை எழும்பினார். பகலில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் அயர்ந்தார். வெயில் என்றார். எங்கள் கரையோர வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அது நம்பக்கூடிய காரணம்தான்.

அப்போது வகுப்பில் ஐந்தாம் அலகு நடந்துகொண்டிருந்தது. விலங்குகளின் அமைப்பும் தொழிற்பாடும். குருதியில் குளுக்கோசு கூடினால் சதையியிலுள்ள சிறுதீவுகள் இன்சுலினைச் சுரக்கும். அந்த ஓமோன் குளுக்கோசைக் கலங்களுக்குள்ளே போக வைக்கும். ஈரல் மிச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும். இன்சுலின் போதாவிட்டால் குளுக்கோசு குருதியிலேயே தேங்கும். ஓர் எல்லைக்கு மேல், ஏறக்குறைய டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனால், சிறுநீரகத்தால் அதை முழுவதும் திருப்பி உறிஞ்ச முடியாது. அது சிறுநீரோடு போகும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். டீச்சர் இந்த வசனத்தைச் சொன்னபோது எனக்கு முதலில் ரியோ இலை ஞாபகம் வந்தது. அடுத்தது கூசா.

அன்று பின்னேரம் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மருந்துப் போத்தலை எடுத்துப் பார்த்தேன். நாலு கிழமைக்கு மேல் பாவிக்கக்கூடாது என்பதால் வாப்பா ஒவ்வொரு போத்தலிலும் திறந்த திகதியை எழுதி ஒட்டுவார். திறந்து 16 நாள். ஒரு போத்தலில் 10 மில்லிலீற்றர். மில்லிலீற்றருக்கு 100 அலகு. ஆக 1000 அலகு. ஒரு நாளைக்கு 30 அலகுப்படி 16 நாளைக்கு 480. போத்தல் அரைவாசியாகியிருக்க வேண்டும். ஆனால் மருந்து கழுத்துக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது.

பக்கத்து வீட்டு மாமியின் கருவியை வாங்கி வந்து விரலில் குத்திப் பார்த்தோம். 312.

உம்மா அழுதார். காக்கா சத்தம் போட்டார். வாப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் மூத்தம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். கனநேரத்துக்குப் பிறகு மூத்தம்மா வாய் திறந்தார். ஒரு மௌத்து வீட்டில் ஒரு பொம்பிளை சொன்னாவாம், இந்த மருந்து பண்டியிலிருந்து எடுக்கிறது என்று. யாரிடமும் கேட்கவில்லை. ஏனென்றால், "மருந்துக்கு எண்டா ஆகும்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள், அதற்குப் பிறகும் தன் மனது ஆறாது என்று அவருக்குத் தெரியும். அதனால் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார். நாங்கள் பார்க்கும்போது போத்தலை உருட்டுவார். யாரும் பார்க்காவிட்டால் அப்படியே திரும்ப வைத்துவிடுவார்.

"அறுவத்தெட்டு வருசம் காப்பாத்தின உடம்பு வாப்பா இது" என்றார்.

காக்கா சிரித்துவிட்டார். படிக்காதவங்க சொல்றதையெல்லாம் நம்புவீங்களா என்றார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. அந்த மௌத்து வீட்டுப் பொம்பிளை பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது தெரிந்திருந்தது. அவ சொன்னது பழைய உண்மை.

கனடாவின் டொரொன்டோவில் 1921இல் பான்ரிங் என்ற வைத்தியரும், பெஸ்ட் என்ற மாணவரும் நாய்களின் சதையியிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய 60 வருடம் உலகம் முழுவதும் பாவித்த இன்சுலின், அறுக்கப்பட்ட மாடுகளினதும் பன்றிகளினதும் சதையிகளிலிருந்துதான் வந்தது. மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியினுடையது அதிலிருந்து ஒன்றே ஒன்றில்தான் வேறுபடுகிறது, மாட்டினுடையது மூன்றில். அதனால்தான் அது மனிதருக்கு வேலை செய்தது. 1982இல்தான் பரம்பரையலகுத் தொழினுட்பத்தால் செய்த மனித இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றுச் சந்தைக்கு வந்தது.

இது ஏழாம் அலகு. வகுப்பில் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. அன்றிரவு நானே வளநூலை எடுத்து வாசித்தேன். மீள்சேர்க்கை டி.என்.ஏ. தொழினுட்பம். மருந்துப் பெட்டியின் பொடி எழுத்துகளைப் போன் கமராவில் பெருப்பித்துப் பார்த்தேன். மனித இன்சுலின் என்றும், மதுவத்தில் தயாரித்தது என்றும் இருந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பெட்டியைக் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டேன். வாப்பா ஆஸ்பத்திரி மருந்தாளரிடமும் கேட்டு வந்தார்.

இனி மூத்தம்மாவுக்கு விளங்கப்படுத்த வேண்டும். இங்கேதான் என்னுடைய சொற்கள் எல்லாம் என்னைக் கைவிட்டன.

முதல் தடங்கல் மதுவம். ஈஸ்டுக்கு எங்கள் புத்தகத்திலுள்ள சொல் அது. பன்றி என்று பயந்து மருந்தை நிறுத்திய ஒருவரிடம் போய், "இல்ல மூத்தம்மா, இது பண்டியில செஞ்சதில்ல, மதுவத்தில செஞ்சது" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாய் வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, "பாணுக்கும் அப்பத்துக்கும் போடுறமே, அந்த ஈஸ்ட்" என்றேன்.

பரம்பரையலகு என்பதும் சரிவரவில்லை. கடைசியில் வட்டிலப்பத்தைப் பிடித்தேன். எங்கள் குடும்பத்தில் மூத்தம்மாவின் வட்டிலப்பம் பேர்போனது. "உங்கட வட்டிலப்பம் செய்ற முறைய ஒரு பேப்பர்ல எழுதி ஒரு கோக்கியிட்ட குடுத்தா, அவர் தன்ட வீட்டு அடுப்பில, தன்ட சட்டியில செய்வார்தானே? சாப்பாடு அவர் செஞ்சது. ஆனா அது உங்கட வட்டிலப்பம். அதுமாதிரி, மனிசர்ர உடம்பு இன்சுலின் செய்ற முறைய எழுதி ஈஸ்டிட்ட குடுத்திருக்காங்க. அது செய்யுது."

மூத்தம்மா யோசித்தார். இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் கேட்டார்:

"அப்ப அந்த முறைய எங்கயிருந்து எடுத்தாங்க? மனிசர்ர உடம்ப வெட்டித்தானே எடுத்திருப்பாங்க? மனிசன்ட உடம்பத் தின்னலாமா கிளி?"

நான் அசந்துபோனேன். அதுவரைக்கும் நான் எழுதிய எந்தப் பல்தேர்வு வினாவும் இந்தக் கேள்விக்குக் கிட்டவும் வராது. பன்றியை விட மனிதனுடையது நல்லது என்று நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டிருந்தோம். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாத மூத்தம்மா மட்டும் அடுத்த படியை யோசித்திருக்கிறார்.

அன்றிரவு திரும்பவும் வாசித்தேன். 1978இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முதன்முதலாகப் பற்றீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் செய்தபோது, அதற்கான பரம்பரையலகை ஒரு மனிதரிடமிருந்தும் வெட்டி எடுக்கவில்லை. இன்சுலினின் அமினோ அமில ஒழுங்கு 1950களிலேயே தெரிந்திருந்தது. அந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு, அதற்குரிய டி.என்.ஏ.யை ஆய்வுகூடத்தில் இரசாயனப் பொருள்களிலிருந்து துண்டு துண்டாகக் கோத்தார்கள். எழுத்தைப் பார்த்து எழுதியதுதான், பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதை ஒரு காவியில் வைத்து நுண்ணங்கிக்குள் செலுத்தினார்கள்.

"வெட்டி எடுக்கல்ல மூத்தம்மா. பாத்து எழுதினது. ஒரு கிதாபப் பாத்து இன்னொரு கொப்பியில எழுதினா, அந்தக் கிதாபு கொறையுமா?"

"கொறையாது."

"அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று நான் சொன்னேனே தவிர அவர் விடவில்லை. அந்த ஈஸ்ட் மருந்துக்குள்ளே கிடக்குமா? இல்லை, சுத்திகரித்துப் புரதத்தை மட்டும்தான் எடுப்பார்கள். அப்படியென்றால் அது ஏன் பால்போலக் கலங்கி இருக்கிறது? மெதுவாக வேலை செய்வதற்காகச் சேர்த்த புரோட்டமைன் என்ற பொருளோடு இன்சுலின் சிறு பளிங்குகளாகக் கிடக்கிறது, அதனால்தான் உருட்டுகிறோம். புரோட்டமைன் எதிலிருந்து வந்தது? மீனிலிருந்து. இதைக் கேட்டதும் மூத்தம்மா முதன்முறையாகச் சிரித்தார். "மீனா? அதை முதல்ல செல்லிரிக்கலாமே." கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்.

என்னுடைய விளக்கத்தை மட்டும் அவர் நம்பிவிடவில்லை, நம்பவும் கூடாது. வாப்பாவைப் பள்ளிவாசலுக்கு அனுப்பினார். மௌலவி பெட்டியை வாங்கிப் பார்த்து, என்னுடைய குறிப்புகளையும் கேட்டுவிட்டு, போடலாம், போடாமல் உடம்பைக் கெடுத்துக்கொள்வதுதான் கூடாது என்று இரண்டு வசனத்தில் முடித்தார். நான் மூன்று இரவு பாடுபட்டதை அவர் மூன்று நிமிடத்தில் செய்தார். அன்று மஃரிபுக்கு முன்னர் மூத்தம்மா 12 அலகைப் போட்டுக்கொண்டார். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் நடந்ததையெல்லாம் சொன்னோம். ஏசவில்லை. இரத்தப் பரிசோதனைகளை எழுதினார். இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்று மூத்தம்மாவிடம் பக்குவமாகச் சொன்னார். அதைத் தாங்கிக்கொள்வதுதான் அவருக்கு ஊசியை விட வலித்தது. அது வேறு கதை.

இந்த விடயம் ஊரில் பரவியபோது எல்லோரும் வாப்பாவிடம் ஒன்றையே சொன்னார்கள்: "உங்கட மகள் டொக்டர்தான், பாருங்க." வாப்பாவுக்குச் சந்தோசம். நெல் ஆலையில் கணக்கு எழுதுகிற சம்பளத்தில் மூன்று பாடத்துக்கும் டியூஷன் காசு கட்டுகிறவர். அந்தச் சந்தோசம் அவருக்கு உரியதுதான்.

எனக்கு மட்டும் வேறொன்று மனதில் ஓடியது. 1922 ஜனவரி 11ஆம் திகதி அந்தப் பையனுக்கு ஏற்றிய முதல் ஊசி சரிவரவில்லை. மருந்தில் அழுக்கு இருந்தது, உடம்பு ஏற்கவில்லை. அதற்குப் பிறகு கொலிப் என்ற உயிர்இரசாயனவியலாளர் இரவு பகலாக இருந்து அதைச் சுத்திகரித்தார். 23ஆம் திகதி ஏற்றியது அவர் சுத்திகரித்த மருந்து. பையன் பிழைத்தான். அடுத்த வருடம் நோபல் பரிசு பான்ரிங்குக்கும் மக்லியோட் என்ற பேராசிரியருக்கும் போனது. பான்ரிங் தன் பணத்தைப் பெஸ்டோடும், மக்லியோட் தன் பணத்தைக் கொலிப்போடும் பகிர்ந்துகொண்டார்கள். கொலிப் வேலை பார்த்தது கட்டிலுக்குப் பக்கத்தில் அல்ல, மேசைக்குப் பக்கத்தில். எனக்கு அந்த மேசைதான் வேண்டும் போல இருக்கிறது. வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தச் சஞ்சிகை வீட்டுக்கு வரும்போது அவர் வாசிப்பார்.

எங்கள் வகுப்பில் 27 பேர் இருக்கிறோம். இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டத்துக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பங்கு பிரித்து, இசட் புள்ளியின் வெட்டுப்புள்ளியும் வந்த பிறகு, எத்தனை பேர் மருத்துவ பீடத்துக்குப் போவோம்? இரண்டு பேர் போனால் பள்ளிக்கூட மதிலில் பதாகை கட்டுவார்கள். மற்ற 25 பேரையும் ஊர் 'டொக்டராக முடியாமல் போனவர்கள்' என்றுதான் சொல்லும். இரண்டு வருடம் சதையியையும் சிறுநீரகத்தையும் படித்த 25 பேர், ஒவ்வொருவரும் ஒரு மூத்தம்மா இருக்கிற வீட்டுக்குத்தானே திரும்பிப் போகிறார்கள்? அவர்களுடைய குளிர்சாதனப் பெட்டிகளிலும் போத்தல்கள் இருக்கின்றன. இதை எந்த வெட்டுப்புள்ளியும் கணக்கெடுப்பதில்லை.

இப்போது மூத்தம்மா என்னுடைய பாட அட்டவணையை என்னை விடக் கவனமாகப் பின்தொடர்கிறார். போன கிழமை கேட்டார்: "எங்கட உம்மாக்கும் சீனி இல்ல, ராத்தாக்கும் இல்ல. ஒரே வகுத்தில பொறந்த எனக்கு மட்டும் ஏன் வந்த?" அது ஆறாம் அலகு, பிறப்புரிமையியல். கட்டம் கீறி, ஆதிக்கம் பின்னிடைவு என்று தொடங்கினேன். கட்டத்தைப் பார்த்து, "இது தாயம் வெளையாடுற பலகை மாதிரி இரிக்கி" என்றார். ஒரு விதத்தில் அப்படித்தான், தாயக்கட்டை உருட்டுகிற மாதிரித்தான். ஆனால் சீனி வருத்தம் ஒரு கட்டத்துக்குள் அடங்காது, பல பரம்பரையலகுகளும் சாப்பாடும் நடமாட்டமும் சேர்ந்து வருவது என்றேன். பல பேர் சேர்ந்து செய்த பிழைக்கு ஒரு ஆளைப் பிடித்து ஏசேலாது என்கிறாய், அப்படித்தானே என்றார். அப்படித்தான்.

வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக். டொக்டரிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகளைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் என்னைக் கொண்டு எழுதுவித்திருக்கிறார். முதலாவது கண்ணைப் பற்றியது. மூன்றாவது, அடுத்த நோன்பைப் பற்றியது. இரண்டாவதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டக்கூடாது என்பது உத்தரவு.